செத்த குடுங்க, பாத்துட்டுத் தாரேன்

நாமக்கல்லில் நான் கடை வைத்திருந்த காலம் முழுவதும் அந்த மனிதர் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதே இல்லை. ஒரே ஒரு நாள் பேசினார். அந்த ஒரு நாளுக்காக நான் வருஷக்கணக்கில் கறுவிக்கொண்டு காத்திருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மைதானத்தின் நடுவில் விசிலைப் பறிகொடுத்து நின்றவன் நான், அவர்கள் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். அத்தா அங்கே ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சாக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு முளைத்தபோது, ஒரு தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். லாரி சீட்டுக்கு மெத்தை தைக்கும் குஷன் கடை. கூடவே தார்ப்பாய் வேலை. வாரத்தில் ஆறு நாள் கோணூசி. ஞாயிற்றுக்கிழமை விசில்.

பள்ளிக்கூட நாளில் கால்பந்தில் நான் ஹாஃப் பேக். முட்டி போன பிறகு ஆட்டத்தை விட மனசு வராமல், சேலத்துக்குப் போய் ரெஃப்ரி பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். கறுப்புச் சட்டையை நானே தைத்துக்கொண்டேன். விசிலை மட்டும் சேலத்தில் வாங்கினேன். நிக்கல் பூசிய பித்தளை விசில். உள்ளே உருளும் தக்கை ஒரு மழைநாளில் ஊறி உடைந்துபோனதால், வேறொரு தக்கையைச் சீவி நானே உள்ளே போட்டேன். அது சரியான உருண்டையாக வரவில்லை. அதனால் என் விசிலுக்குச் சளி பிடித்தவன் தொண்டை மாதிரி ஒரு கரகரப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டே, "பாய் வந்துட்டாரு" என்று சொல்லுவார்கள்.

ரெஃப்ரி வேலை என்பது ஞாயிற்றுக்கிழமை திட்டு வாங்கும் வேலை. இதில் எனக்கு மனவருத்தமே கிடையாது. கெங்கவல்லிப் பக்கம் ஒரு ஆட்டத்தில் கேப்டனை வெளியேற்றினேன். அவன் என் பிறப்பு, வளர்ப்பு, கண் பார்வை மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டினான். ஆட்டம் முடிந்ததும் ஊரே துரத்தியது. மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் அதே கேப்டன் ஆத்தூருக்கு வந்து, தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். நானும் போனேன். பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ வைங்க, ரெஃப்ரி ஓடுறதுக்குத் தெம்பு வேணும்" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னான். சேலத்துக்குக் கிழக்கே, எங்கள் பக்கத்துக் கோபம் அப்படி. கொட்டித் தீர்த்துவிட்டுக் கையைக் கழுவிவிடும்.

நாமக்கல் வேறு. அங்கே எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார்கள். வாங்க, போங்க எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இல்லைக்கும் இருக்குக்கும்கூட ங்க போட்டு நான் அங்கேதான் கேட்டேன். இல்லீங்க, ஆமாங்க, ஏனுங்க. பெரியவரும் சாமி, பிள்ளையும் சாமி, கடைக்கு வந்தால் பாயும் சாமி. தொழுகைக்குப் போய்விட்டு வருகிறவனைப் பார்த்து, "வாங்க சாமி" என்பார்கள். முதல் வருஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மரியாதை தெரிந்த ஊரா என்று ஆத்தூருக்குப் போய்ப் பெருமை பேசினேன். ஒரே ங்கவுக்குள் அன்பையும் வைக்கலாம், செருப்பையும் வைக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எதை வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு உடனே தெரியும். வெளியூர்க்காரனுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைக்கும்.

இனி அவரைப் பற்றி. நிலம் நீச்சு நிறைய உள்ள குடும்பம். கிணற்றுப் பாசனத்தில் வந்த வருமானத்தை லாரிகளில் போட்டிருந்தார். லாரி முதலாளி என்று மட்டும் சொன்னால் போதும். வெள்ளை வேட்டி, சத்தம் உயராத குரல், பேசும்போதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்பு. ஊரில் ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார். பனியன், பூட்ஸ், பந்து எல்லாம் அவர் செலவு. ஆட்டம் அவருக்குத் தெரியாது, ஜெயிப்பது தெரியும்.

என் கடைக்கும் அவர்தான் பெரிய வாடிக்கை. வண்டி வண்டியாகச் சீட்டு வேலை வரும். வேலை முடிந்ததும் வெட்டி மிஞ்சிய ரெக்சின் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். "மிச்சத்தக் குடுத்துருங்க பாய், ஊட்டுல ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆகும்" என்பார். சாண் அகலத் துண்டைக்கூட விடமாட்டார். சொத்து இப்படித்தான் சேருகிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன். அதுவரை அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாமக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு டோர்னமென்ட். கடலை பிடுங்கிய காட்டைச் சமன்செய்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவர் டீம் ஒரு பக்கம். நான் ரெஃப்ரி. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், எதிர் டீம் பையன் ஒருவன் எக்குத்தப்பாகக் காலைத் தூக்கி ஆடினான். அவர் டீமுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தேன். இந்த மாதிரிக் குற்றத்துக்குக் கொடுக்கும் ஃப்ரீ கிக்கில் நேராகக் கோல் அடித்தால் செல்லாது. இன்னொருவன் பந்தைத் தொட்டாக வேண்டும். அதற்கு அடையாளமாகக் கையையும் உயர்த்திக்கொண்டுதான் நின்றேன். அவர் டீம் பையன் யாரையும் பார்க்காமல் ஓங்கி உதைத்தான். பந்து யார்மேலும் படாமல் நேராக வலைக்குள் போய் விழுந்தது.

ஊரே எழுந்து குதித்தது. நான் கோல் இல்லை என்றேன்.

வலைக்குள் பந்து கிடக்கிறது, கோல் இல்லை என்கிறான் ஒருவன். கூட்டத்துக்கு எப்படிப் புரியும். உள்ளே ஓடி வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, அவர் மட்டும் மெதுவாக நடந்து வந்தார். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்திருந்தார். முகத்தில் அதே சிரிப்பு. என் எதிரில் நின்று, கழுத்தில் கயிற்றில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

"பாய், அந்த விசில செத்த குடுங்க, பாத்துட்டுத் தாரேன்."

செத்த என்றால் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம். கடையில் நாள் முழுவதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். செத்த அந்தக் கத்தரியக் குடுங்க. செத்த அந்த ரெக்சினக் குடுங்க. கேட்டால் கொடுப்பதும், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதும் அந்த ஊர் வழக்கம். அங்கே குடுங்க என்று கேட்டவரிடம் முடியாது என்று யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. என் கை என்னைக் கேட்காமலே கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி விசிலை அவர் உள்ளங்கையில் வைத்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோட்டுக்கு வெளியே நின்ற தன் லாரி டிரைவரைக் கூப்பிட்டார்.

"இந்தா, இனி நீ ஊது." என் பக்கம் திரும்பி, "பாய்க்கு வெய்யில் ஒத்துக்கலைங்க. செத்த நெழல்ல உக்காருங்க சாமி" என்றார்.

டிரைவர் ஊதினார். என் கரகரப்பு விசில் வேறொருவன் வாயில் கத்தியது. கோல் என்றார்கள். கோப்பையையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். நான் வேப்பமரத்தடியில் கறுப்புச் சட்டையோடு நின்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஒருவன் எனக்கு இளநீர்கூட வெட்டிக் கொடுத்தான். கூட்டம் சிரித்த சிரிப்பு மட்டும் பஸ் ஏறும் வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாளே சேலத்துக்குப் போய்க் கால்பந்துச் சங்கத்தில் புகார் கொடுத்தேன். செயலாளர் படித்தவர், நிதானமானவர். நான் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"அசிங்கமா ஏதாவது பேசினாரா?"

"இல்ல."

"சாமின்னு சொல்லியிருக்காரு. குடுங்கன்னு சொல்லியிருக்காரு. நெழல்ல உக்காருங்கன்னு வேற சொல்லியிருக்காரு. இதுல நான் எந்த வார்த்தைய எடுத்து வெச்சு விசாரிக்கிறது? விசில நீங்கதானே குடுத்தீங்க?"

அவர் சொன்னது எல்லாம் சரி. நடந்தது எல்லாம் அநியாயம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வாய்த்துடுக்குக்காரி. "அந்த ஆளு விசில மட்டுந்தானே எடுத்துட்டுப் போனாரு, நீங்க என்ன மூச்சையும் சேத்துக் குடுத்துட்டு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டூலில் உட்கார்ந்தார். விசிலைக் கேட்டேன்.

"அடடா, அவன் எங்க வெச்சானோ. பாத்துத் தாரேனுங்க பாய்."

இதன் பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "தாரேனுங்க, தாரேனுங்க" என்பார். தரமாட்டேன் என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவை வந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கு ஒரு சொல் வேண்டுமல்லவா, அதை அவர் தரவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய லாரி ஒன்று சீட்டு மாற்ற வந்தது. உள்ளே ஏறினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், கட்டிய எலுமிச்சம்பழத்துக்கும் மிளகாய்க்கும் அருகில், என் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊதிய அதே டிரைவர்தான் கீழே நின்றார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று ஊதுவதற்கு அதை வைத்திருக்கிறார்களாம்.

"என்மேல கோவிச்சுக்காதீங்க பாய். பாய் எடுத்தா உடோணுமுங்களான்னு மொதலாளியக் கேட்டேன். எடுக்கட்டும், அப்பறம் பாய் திருடிப்போட்டாருன்னு நாலு பேருகிட்டச் சொல்லலாம்னாருங்க."

கை எட்டும் தூரத்தில் தொங்கியது. நான் தொடவில்லை. அதற்குக் கீழேயே உட்கார்ந்து நாள் முழுவதும் அந்த மனிதருடைய வண்டிக்கு மெத்தை தைத்தேன். எடுத்தால் அவர் கையிலிருந்துதான் எடுப்பேன், வாங்கினால் அவர் கொடுத்துத்தான் வாங்குவேன் என்று ஒவ்வொரு தையலுக்கும் சொல்லிக்கொண்டேன். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வேறு விசில் வாங்கினேன். நல்ல விசில்தான், தெளிவாகக் கூவும். ஆனால் அதைக் கேட்டு யாரும் பாய் வந்துட்டாரு என்று சொல்லவில்லை. சில ஊர்களில் நான் ஃபவுல் கொடுத்தால் கோட்டோரத்திலிருந்து ஒருவன், "செத்த குடுங்க பாய்" என்று குரல் விடுவான். நாலு பேர் சிரிப்பார்கள். அது ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. ஒவ்வொரு சிரிப்பையும் நான் அவர் கணக்கில் எழுதினேன்.

எண்பதுகள் வந்தன. ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் வந்தன. லாரிகள் பெருத்தன. அவருக்கும் வண்டிகள் கூடின. புதிதாக வாங்கிய லாரிக்கு ரத்தச் சிவப்பு ரெக்சினில் சீட்டும், ஓரத்தில் வெள்ளை நூல் தையலும் வேண்டும் என்றார். அப்படி ஒரு சிவப்பு நாமக்கல்லில் வேறு யார் வண்டியிலும் இல்லை. தைத்துக் கொடுத்தேன். வழக்கம்போல மிச்சத்தைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று மட்டும் மிஷினுக்கு அடியில் விழுந்திருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. அவர் பொருள் ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்ற வயிற்றெரிச்சல், வேறு காரணம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எச்சரிக்கைக்கு மஞ்சள், வெளியேற்றச் சிவப்பு என்று அட்டை காட்டும் வழக்கம் எங்கள் பக்கத்து மைதானங்களுக்கு வந்து சேர்ந்தது. அட்டை வியர்வையில் ஊறிப் போய்விடுகிறது என்று மற்ற ரெஃப்ரிகள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கவலை ஏன். பள்ளிக்கூட பஸ் சீட்டு தைத்த மஞ்சள் ரெக்சினில் ஒன்று வெட்டிக்கொண்டேன். சிவப்புக்கு எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை நூலால் ஓரம் அடித்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "பழைய விசில் ஞாபகமா?" என்றாள். மிஷினை வேகமாக மிதித்தேன்.

நாமக்கல்லில் நடந்த ஒரு டோர்னமென்டின் கடைசி நாள். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வேடிக்கைக்காக ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். லாரி முதலாளிகள் ஒரு பக்கம், பட்டறைக்காரர்கள் ஒரு பக்கம். கமிட்டியில் இருந்த சோடாக்கடைக்காரர் என்னிடம் வந்தார்.

"சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க பாய். நீங்க வந்து ஊதிக் குடுத்தாப் போதும்."

"மொதலாளிங்க டீமுல யார் யாரு?"

சொன்னார். நடுவில் அந்தப் பெயரும் வந்தது.

"ரூல்படி ஊதலாம்னாத்தான் வருவேன்" என்றேன்.

"ரூல்படியே ஊதுங்க, யாரு வேண்டாங்கறாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கோட்டோரத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற வரையில் அவர்மேல் எனக்கு அதிகாரம் கிடையாது. கால்சட்டை மாட்டிக் கோட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அவரும் ஒரு ஆட்டக்காரர். அவர் மாதிரி எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிற மனிதருக்கு இது தோன்றவே இல்லை. தான் யானை, எதிரில் நிற்பவன் பூனை என்ற நினைப்பு முற்றிப்போனால் இப்படித்தான் ஆகும்.

மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு பெரிய அதிகாரி. மைதானத்தைச் சுற்றி லாரிகளை நிறுத்தி, அவற்றின் மேல் டிரைவர்களும் பட்டறை ஆட்களும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர் கால்சட்டையில் வந்தபோது கூட்டம் கைதட்டியது. வெயில் படாத கால்கள் தோலுரித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தன.

கொஞ்ச நேரத்திலேயே ஒரு வெல்டருடைய முழங்காலில் உதைத்தார். விசில் அடித்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க பாய், கோணூசில கண்ணக் குத்திக்கிட்டீங்களா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நான் மஞ்சளைக் காட்டினேன். "அட, சீட்டுத் துணியெல்லாம் காட்டறாருங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டேன். எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. இனி ரெஃப்ரியை மறுத்து இன்னொரு வார்த்தை பேசினால் போதும், வெளியே அனுப்பிவிடலாம். பேசாமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். அவர் வாய் திறக்க வேண்டும் என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டே ஓடினேன். ரெஃப்ரி அப்படி வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். வேண்டிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் அவர் ஒரு கோல் அடித்தார். ஆஃப்சைடு. கூட்டாளி பந்தை உதைத்தபோதே அவருக்கு முன்னால் கோல்கீப்பர் ஒருவர்தான் நின்றார். சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஆஃப்சைடு. கோல் இல்லை என்றேன்.

அவர் நின்றார். சிரித்தார். மெதுவாக என்னிடம் நடந்து வந்தார். கால்சட்டையில் இருந்தும் வேட்டி நுனியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கை இடுப்போரமாகப் போனது. இன்னொரு கையை என் முன்னால் நீட்டினார்.

"பாய், அந்த விசில செத்த குடுங்க, பாத்துட்டுத் தாரேன்."

பழைய கதை தெரிந்தவர்கள் மைதானம் முழுக்க இருந்தார்கள். சிரிப்பு கொதிநீர் மாதிரி பொங்கியது. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து சிவப்பை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியும்படி மேலே ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா, பாரு. பாத்துட்டு வெளிய போ."

ங்க இல்லை. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் ஒருவரிடமும் ங்க இல்லாமல் பேசியதில்லை. பக்கத்தில் நின்ற வெல்டருக்கு வாய் பிளந்தது. முன்வரிசைச் சிரிப்பு முதலில் நின்றது. அப்புறம் ஒவ்வொரு வரிசையாக நின்றது.

அவர் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத் தையலைப் பெருவிரலால் தடவினார். குரல் இன்னும் உயரவில்லை.

"இது என்ற வண்டி ரெக்சினு."

"ஆமா. மிச்சத்தத் திருப்பிக் குடுத்துட்டேன். போ."

அவர் நகரவில்லை. நான் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெளியேற்றப்பட்டவர் போகாமல் ஆட்டம் தொடராது. சோடாக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"பாய், வெளையாட்டுக்குத்தானுங்களே."

"ரூல்படி ஊதச் சொன்னது யாரு?"

மேடையில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். அது போதும். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள், என்னிடம் வரவில்லை, அவரிடம் போனார்கள். "அண்ணா, செத்த வெளிய வாங்ணா. அதிகாரி காத்துட்டிருக்காருங்க. செத்த வாங்ணா." அத்தனை மரியாதையாக ஒரு மனிதரை மைதானத்திலிருந்து வெளியே தள்ளியதை நான் பார்த்ததில்லை.

எனக்கு முதுகு காட்ட அவருக்கு மனம் இல்லை. என்னைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்துப் போனார். அப்போது லாரி வரிசையின் உச்சியிலிருந்து ஒரு விசில் கேட்டது. பீப், பீப், பீப் என்று, வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஊதுகிற மாதிரி. கரகரப்பான விசில். சளி பிடித்த தொண்டை. எனக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மைதானமே வெடித்துச் சிரித்தது. அவர் ஒரு அடி வைத்தால் ஒரு பீப். கோட்டைத் தாண்டும் வரைக்கும் டிரைவர் விடவில்லை. அந்தச் சிரிப்பை நான் நின்று நிதானமாகக் கேட்டேன். வேப்பமரத்தடியில் கேட்ட சிரிப்பு அன்றைக்கு என் காதிலிருந்து இறங்கியது.

டிரைவரை அன்று மாலையே வேலையை விட்டு நிறுத்தினார். நல்ல டிரைவருக்கு நாமக்கல்லில் வண்டியா பஞ்சம், அவர் அந்த வாரமே வேறு லாரியில் ஏறிவிட்டார். போகிற வழியில் கடை முன்னால் நிறுத்தி, "விசில மொதலாளி புடுங்கிக்கிட்டாருங்க பாய், இல்லீன்னா நானே கொண்டாந்து குடுத்திருப்பேன்" என்றார். அவர் கொண்டுவந்து கொடுத்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அதைச் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து முதலாளியே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. மடியிலிருந்து எதையோ எடுத்துத் தையல் மிஷின்மேல் எறிந்தார். நிக்கல் உரிந்து பித்தளை தெரிய, என் விசில் உருண்டு ஊசிக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்தாடா, உன்ற விசிலு." குரல் தெருவுக்கே கேட்டது. "ஊரு உட்டு ஊரு வந்து பொளைக்கிற நாயி. என்னைய நீ வெளிய போன்னு சொல்லுவியா? இனி என்ற வண்டி ஒண்ணும் உன்ற கடப்பக்கம் வராதுடா. எப்படிப் பொளைக்கிறேன்னு பாக்கறேன்."

எதிர்ப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து மனைவி வாசல் வரைக்கும் வந்து நின்றாள். அவர் சொன்னபடியே செய்தார், ஒரு வண்டியும் பிறகு வரவில்லை, கடை ரொம்ப நாள் திணறியது. அது எல்லாம் அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவருடைய ஒவ்வொரு 'டா'வையும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன். சேலத்துச் செயலாளர் கேட்ட வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பிறகு எழுந்து, ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன். சத்தம் உயராமல், ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னேன்.

"அப்படீங்களா. ரொம்பச் சந்தோசமுங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க, செத்த நெழல்ல உக்காருங்க சாமி."